பதற்றமும் எரிச்சலும்: ஆங்கில மரபுத்தொடர்களின் தோற்றமும் வழக்கும் – முழுமையான வழிகாட்டி

தேர்வு முடிவுக்காகக் காத்திருப்பவரின் நிலையைத் தமிழில் பதற்றம் என்கிறோம். காலையிலிருந்து எதற்கெடுத்தாலும் சிடுசிடுப்பவரின் நிலையை எரிச்சல் என்கிறோம். ஆங்கிலத்திலோ ‘ஆன் எட்ஜ்’ என்ற ஒரே தொடர் இரண்டுக்கும் வருகிறது. ‘நெர்வ்ஸ்’ என்ற சொல் ஓரிடத்தில் அச்சத்தையும், இன்னோரிடத்தில் எரிச்சலையும், ஒருமையில் வரும்போது துணிச்சலையும் குறிக்கிறது. அகராதியில் கண்ட பொருளை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் இந்த இடத்தில்தான் இடறுகிறார்கள். தொடர் சரியாக இருந்தும் அதை வைத்த இடம் பொருந்தாமல் போகிறது.

இத்தொடர்களில் பலவற்றின் அடியில் இழுத்துக் கட்டப்பட்ட ஒரு பொருள் இருக்கிறது: வில்லின் நாண், இசைக்கருவியின் தந்தி, சட்டத்தில் மாட்டிய துணி, முறுக்கிய சுருள்வில். அவ்வாறு இழுபட்டு நிற்பதே பதற்றம் என்றும், இழுபட்டதை யாரேனும் தொடும்போது எழுவதே எரிச்சல் என்றும் ஆங்கிலம் பேசுவோர் நெடுங்காலமாக உணர்ந்து வந்திருக்கிறார்கள். இந்தத் தொடர்பைப் பிடித்துக்கொண்டு படிப்படியாகச் சென்றால், எந்தத் தொடர் எந்த மனநிலைக்கு உரியது என்பது பெரும்பாலும் தானாகவே விளங்கும்.

முதல் படி: ‘நெர்வ்’ என்ற சொல்லின் வரலாற்றை அறிக

லத்தீனில் ‘நெர்வுஸ்’ என்பதும் கிரேக்கத்தில் ‘நியூரோன்’ என்பதும் முதலில் தசைநாணையும் வில்லின் நாணையும் குறித்தன. யாழின் தந்தியையும் உடலின் நரம்பையும் ஒரே சொல்லால் வழங்கிய தமிழருக்கு இது அயலான எண்ணமன்று. தொல்காப்பியம் இசைநூலை ‘நரம்பின் மறை’ என்றே குறிக்கிறது. நாண் என்ற பொருளிலிருந்து புறப்பட்டதால், ஆங்கிலத்தில் ‘நெர்வஸ்’ என்ற சொல் முதலில் வலிமையைத்தான் சுட்டியது. ‘நெர்வஸ் ஆர்ம்’ என்றால் முறுக்கேறிய கை. ‘நெர்வஸ் ஸ்டைல்’ என்றால் வீறுள்ள உரைநடை. 18ஆம் நூற்றாண்டு நூல்களைப் படிப்பவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளாவிட்டால், ஒருவருடைய எழுத்தைப் பாராட்டும் வரியைக் குறை சொல்லும் வரியாகப் படித்துவிட நேரும்.

இந்தப் பொருள் தலைகீழாகத் திரும்பியதில் மருத்துவத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஆக்ஸ்போர்டில் பணியாற்றிய தாமஸ் வில்லிஸ் 1664இல் மூளையின் உடற்கூற்றைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். அதன் பிறகு மூளையும் நரம்புகளும் மருத்துவச் சிந்தனையின் நடுவுக்கு வந்தன. 1733இல் ஜார்ஜ் செய்ன் என்ற மருத்துவர், நரம்புத் தளர்ச்சி சார்ந்த நோய்களை ஆங்கிலேயரின் நாட்டு நோயாகவே விவரித்து ஒரு நூல் எழுதினார். 1755இல் சாமுவேல் ஜான்சன் தம் அகராதியில் ‘நெர்வஸ்’ என்ற சொல்லுக்கு முதற்பொருளாக வலிமையையே தந்து, பலவீனமான நரம்புகளை உடையவர் என்ற பொருளை இறுதியில் வைத்து, அது மருத்துவர்களின் குழூஉக்குறி என்று குறித்தார். அன்று அவர் ஒதுக்கி வைத்த பொருள்தான் இன்று உலகம் முழுவதும் வழங்குகிறது. 1869இல் அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் பியர்ட் ‘நியூராஸ்தீனியா’ என்ற நோய்ப்பெயரைப் பரப்பினார். நீராவி இயந்திரம், தந்தி, செய்தித்தாள் ஆகியவை விரைவுபடுத்திய வாழ்க்கை மனிதரின் நரம்பாற்றலைத் தீர்த்துவிடுகிறது என்பது அவருடைய கருத்து.

இனி வழக்குக்கு வருவோம். இங்கே ஒருமை, பன்மை வேறுபாட்டைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். ஒருமையில் ‘நெர்வ்’ என்பது துணிச்சல். ‘லூஸ் ஒன்ஸ் நெர்வ்’ என்றால் கடைசி நேரத்தில் துணிவை இழத்தல். அதே துணிச்சல் அளவு மீறும்போது ‘வாட் எ நெர்வ்’ என்று கண்டிக்கிறார்கள்; அது ‘என்ன திமிர்’ என்பதற்கு அருகில் நிற்கிறது. பன்மையில் வரும் ‘நெர்வ்ஸ்’ பெரும்பாலும் பதற்றம். ‘எ பண்டில் ஆஃப் நெர்வ்ஸ்’ என்றால் உடல் முழுதும் பதறுபவர். ‘நெர்வ்ஸ் ஆஃப் ஸ்டீல்’ மட்டும் பன்மையாக இருந்தும் உறுதியைக் குறிக்கிறது. எஃகு என்ற சொல் உடன் இருப்பதால் குழப்பம் நேர்வதில்லை.

‘கெட் ஆன் சம்ஒன்ஸ் நெர்வ்ஸ்’ முழுக்க முழுக்க எரிச்சலுக்கு உரியது. ஆனால் எல்லா எரிச்சலுக்கும் உரியதன்று. சிறியதாக இருந்தும் திரும்பத் திரும்ப நிகழும் ஒன்றுக்குத்தான் இது பொருந்தும்: பக்கத்து இருக்கையில் இருப்பவர் பேனாவைச் சொடுக்கிக்கொண்டே இருப்பது, ஒருவர் எல்லா வாக்கியத்தையும் ஒரே சொல்லில் தொடங்குவது போன்றவை. ஒருவர் உங்களை நேருக்கு நேர் ஒரே ஒரு முறை அவமதித்ததற்கு இதைப் பயன்படுத்தினால், நடந்ததன் கனம் குறைந்துவிடும்.

இரண்டாம் படி: நிலையா, இயல்பா, நிகழ்வா என்று கேளுங்கள்

ஒவ்வொரு தொடரையும் கண்டவுடன் அது மூன்றில் எது என்று பார்க்க வேண்டும். இப்போதைக்கு நீடிக்கும் நிலை ஒன்று. ஒருவருடைய பிறவிக் குணம் இன்னொன்று. ஒரு கணத்தில் நடந்து முடியும் நிகழ்வு மற்றொன்று. ‘ஆன் எட்ஜ்’ நிலை; நேற்று இல்லாமல் இருந்திருக்கலாம், நாளை நீங்கிவிடலாம். ‘ஹைலி ஸ்ட்ரங்’ இயல்பு. தந்தியை மிகை இறுக்கமாகப் பூட்டிய கருவியைப் போல, சிறு தொடுதலுக்கும் அதிர்பவர் என்று ஒருவருடைய குணத்தையே அது சொல்கிறது. ‘ஃப்ளை ஆஃப் த ஹேண்டில்’, அதாவது திடீரெனச் சீறுதல், நிகழ்வு. நேர்காணலுக்கு முன் ஒரு மணி நேரம் பதறிய நண்பரை ‘ஹைலி ஸ்ட்ரங்’ என்றால், அவருடைய குணத்தைப் பற்றியே தீர்ப்புச் சொல்லிவிட்டீர்கள் என்று பொருள்.

‘கீட் அப்’, ‘வவுண்ட் அப்’ ஆகிய இரண்டும் நிலைகளே. முதலாவது பெரிய போட்டிக்கோ மேடைக்கோ முன் வரும் முறுக்கேற்றம். அதில் உற்சாகமும் கலந்திருக்கும். இரண்டாவது கடிகாரத்தின் சுருள்வில் போல முறுக்கப்பட்டு ஓய முடியாமல் இருப்பது. இதே வினை பிரிட்டிஷ் வழக்கில் செய்வினையாக வரும்போது, ‘வைண்ட் சம்ஒன் அப்’ என்பது ஒருவரை வேண்டுமென்றே சீண்டுவதாகிறது. மறுமுனையில் ‘வைண்ட் அப்’ என்பது கூட்டத்தையோ நிறுவனத்தையோ முடித்து மூடுவதையும் குறிக்கிறது. சொல் ஒன்றாக இருந்தாலும், அதற்குச் செயப்படுபொருளாக வருவது மனிதரா, கூட்டமா என்பதைப் பார்த்துத்தான் பொருளை முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாம் படி: தொழில் புரிந்தால் தொடர் புரியும் – ‘ஆன் டென்டர்ஹுக்ஸ்’

முடிவு தெரியாமல் தவித்துக் காத்திருப்பதைச் சொல்லும் இதுவே இந்தக் குடும்பத்தில் எனக்கு மிகவும் பிடித்த தொடர். இதற்குரிய தொழில் கண்ணை விட்டு மறைந்த பின்னும் சொல் மட்டும் உயிரோடு இருக்கிறது.

நெய்து முடித்த கம்பளித் துணியில் எண்ணெயும் அழுக்கும் இருக்கும். இழைகளும் தளர்வாக இருக்கும். அதைத் தண்ணீரில் ஒருவகைக் களிமண்ணோடு சேர்த்து மிதித்தோ மரச் சம்மட்டியால் இடித்தோ இறுக்குவார்கள். இறுகிய ஈரத்துணியை அப்படியே விட்டால் காயும்போது கோணலாகச் சுருங்கிவிடும். அதனால் திறந்த வெளியில் நீளமான மரச்சட்டங்களை நிறுத்தி, மேல்கட்டையிலும் கீழ்கட்டையிலும் நெருக்கமாக அடித்த வளைந்த ஆணிகளில் துணியின் இரு கரைகளையும் மாட்டி, இழுத்து விறைப்பாக்கிக் காயவைத்தார்கள். அந்தச் சட்டத்தின் பெயர் ‘டென்டர்’. இழுத்தல் என்று பொருள்படும் லத்தீன் வினையோடு அது உறவுடையது, ‘டென்ஷன்’ என்ற சொல்லும் அதே வினையிலிருந்து வந்ததுதான். அதில் அடித்த ஆணிகள் ‘டென்டர்ஹுக்ஸ்’. யார்க்‌ஷயர், லங்காஷயர் போன்ற கம்பளிப் பகுதிகளில் மலைச்சரிவுகள் முழுவதும் இந்தச் சட்டங்கள் நின்றன. லண்டனின் ஸ்பிடல்ஃபீல்ட்ஸ் பகுதியில் ‘டென்டர் கிரவுண்ட்’ என்ற தெருப்பெயர் இன்றும் இருக்கிறது. நார்தம்பர்லாந்தின் ஆட்டர்பர்ன் ஆலையில் இத்தகைய பழைய சட்டங்களை இன்றும் பார்க்கலாம்.

இரவிலும் வெளியில் கிடக்கும் துணி திருடருக்கு எளிய இரை. யார்க்‌ஷயரின் ஹாலிஃபேக்ஸ் ஊரில் பதின்மூன்றரை பென்சும் அதற்கு மேலும் பெறுமதியுள்ள பொருளைத் திருடியவரின் தலையை வெட்டும் கொடிய வழக்கம் 1650 வரை இருந்தது. அதற்கு உள்ளானவர்களில் துணி திருடியவர்களும் உண்டு. இந்தச் செய்தி தொடரின் தோற்றத்துக்கு நேரடிச் சான்று அன்று. ஆனால் அந்தச் சட்டங்களில் தொங்கிய துணி ஒரு ஊரின் வாழ்வில் எவ்வளவு கனத்த பொருளாக இருந்தது என்பதை இது காட்டுகிறது.

மனத்தை இவ்வாறு இழுத்துக் கட்டிய துணியாகப் பேசும் வழக்கு 17ஆம் நூற்றாண்டிலேயே தோன்றிவிட்டது. ஜான் ஃபோர்டின் 1633ஆம் ஆண்டு நாடகம் ஒன்றில் இதயத்தின் நரம்புகள் ‘டென்டர்’ மீது கிடப்பதாக ஒரு பாத்திரம் சொல்கிறது. ஆணிகளையும் சேர்த்துச் சொல்லும் வடிவம் 1748இல் டொபையாஸ் ஸ்மாலெட்டின் நாவலில் காணப்படுகிறது.

படம் தெளிவானால் வழக்கும் தெளிவாகும். துணி தானாக ஆணியில் ஏறுவதில்லை. யாரோ அதை மாட்டுகிறார்கள். ஆகவே ‘கீப் சம்ஒன் ஆன் டென்டர்ஹுக்ஸ்’ என்ற வடிவம் மிக இயல்பானது: முடிவைச் சொல்லாமல் ஒருவரைத் தொங்கவிடுதல். காய்ந்தவுடன் துணி இறக்கப்படும். ஆகவே இத்தொடர் முடிவு வரும் வரையிலான காத்திருப்பை மட்டும் சுட்டுகிறது. எந்த நேரத்தில் என்ன நடக்கும் என்ற இனம் தெரியாத அச்சத்துக்கோ எரிச்சலுக்கோ இது பொருந்தாது. பலர் இதை ‘டெண்டர்ஹுக்ஸ்’ என்று மென்மையைக் குறிக்கும் சொல்லாக மாற்றி எழுதுகிறார்கள். சட்டத்தின் பெயர் மறைந்துவிட்டதால் நேரும் பிழை அது. எழுத்தில் அதைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும்.

நான்காம் படி: ‘எட்ஜ்’ குடும்பத்தைப் பிரித்தறிக

இங்கே தமிழ் வாசகருக்கு ஒரு நல்ல பிடிமானம் இருக்கிறது. எரேமியா, எசேக்கியேல் ஆகிய இரு தீர்க்கதரிசிகளின் நூல்களிலும் வரும் பழமொழியைத் தமிழ் விவிலியம், பிதாக்கள் திராட்சக்காய்களைத் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின என்று தருகிறது. ‘பற்கள் கூசிப்போயின’ என்ற இடத்தில் 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியம் பயன்படுத்தும் தொடர்தான் ‘டீத் ஆர் செட் ஆன் எட்ஜ்’. புளிப்புக் காயைக் கடித்தால் வரும் அந்தக் கூச்சம் காதுக்கும் மாறியது. ஷேக்ஸ்பியரின் நான்காம் ஹென்றி நாடகத்தின் முதற்பகுதியில், குழைவாகக் குலுங்கும் கவிதையைக் கேட்டால்தான் தன் பல் மிக அதிகமாகக் கூசுகிறது என்று ஹாட்ஸ்பர் வெடிக்கிறான்.

ஆகவே ‘செட் ஒன்ஸ் டீத் ஆன் எட்ஜ்’ என்பதை ஒரு ஒலியோ குரலோ செய்கையோ உடலில் கூச்சமாகப் பாயும்போது பயன்படுத்த வேண்டும். கரும்பலகையில் நகம் உரசும் ஓசை இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. பல்லை விட்டுவிட்டுத் தனியே வரும் ‘ஆன் எட்ஜ்’ பதற்றமும் எரிச்சலும் கலந்த நிலை: தூக்கமில்லாத சில நாட்களுக்குப் பிறகு கதவு மூடும் சத்தத்துக்கே திடுக்கிட்டு, உடனே யார் மீதாவது சீறுபவரின் நிலை. ‘ஆன் த எட்ஜ் ஆஃப் ஒன்ஸ் சீட்’ நல்ல பரபரப்பு. கிரிக்கெட்டின் கடைசி ஓவருக்கு உரியது. ‘புஷ் சம்ஒன் ஓவர் த எட்ஜ்’ என்றால் தாங்க முடியாத எல்லைக்கு அப்பால் தள்ளுதல். இது மிகக் கனமான தொடர், மனம் உடைந்தவர்களைப் பற்றிப் பேசும்போது இதை மிகுந்த கவனத்தோடு கையாள வேண்டும். ‘லிவ் ஆன் தி எட்ஜ்’ துணிந்து ஆபத்தோடு விளையாடும் வாழ்க்கை. ‘எட்ஜி’ என்ற பெயரடை மனிதருக்கு வந்தால் பதற்றமான சிடுசிடுப்பு. கலைப்படைப்புக்கு வந்தால் துணிச்சலான புதுமை. நடுவில் ‘த’ வருகிறதா இல்லையா, உடன் எந்தச் சொல் வருகிறது என்ற சிறு வேறுபாடுகளே இத்தனை பொருள்களைப் பிரிக்கின்றன என்பதால், இந்தக் குடும்பத்தை ஒரே அமர்வில் சேர்த்துப் படிப்பதே நல்லது.

ஐந்தாம் படி: உடலைப் பேசும் தொடர்கள்

‘பட்டர்ஃப்ளைஸ் இன் த ஸ்டமக்’ 20ஆம் நூற்றாண்டின் வழக்கு. ‘வயிற்றைக் கலக்குகிறது’ என்று நாம் சொல்வதும் இதுவும் ஒரே உடல் அனுபவத்திலிருந்து வந்தவை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வால்டர் கேனன், பூனைகளின் இரைப்பை அசைவை எக்ஸ்ரே மூலம் கவனித்தபோது, அவை கலவரமடைந்தவுடன் அந்த அசைவு நின்றுவிடுவதைக் கண்டார். 1915இல் வெளிவந்த அவருடைய நூல் அச்சமும் சினமும் உடலில் ஏற்படுத்தும் மாற்றங்களை விளக்கியது: அட்ரினலின் சுரக்கிறது, செரிமானம் தடைபடுகிறது, வயிற்றுக்குச் செல்லும் இரத்தம் தசைகளுக்குத் திருப்பப்படுகிறது. பதற்றத்துக்கும் எரிச்சலுக்கும் உடலுக்குள் ஒரே அடித்தளம் இருப்பதால்தான் மொழியிலும் அவை ஒட்டிப் பிறந்தவையாக இருக்கின்றன என்று நான் கருதுகிறேன். இத்தொடர் மேடைக்கு முன், முதல் சந்திப்புக்கு முன் வரும் இலேசான, சில வேளை இனிமையான பதற்றத்துக்கு உரியது. அறுவைச் சிகிச்சை அறைக்கு வெளியே காத்திருப்பவரைப் பற்றி இதைச் சொல்வது பொருந்தாது. அங்கே கடும் அச்சத்தைச் சொல்லும் ‘ஹார்ட் இன் ஒன்ஸ் மவுத்’ என்பதே தகும்.

‘கோல்டு ஃபீட்’ 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்தது. இது வெறும் பயமன்று. செய்வதாக ஒப்புக்கொண்ட ஒன்றிலிருந்து பின்வாங்கத் தூண்டும் தயக்கம். திருமணம், வீடு வாங்குதல், வேலையை விடுதல் ஆகியவற்றோடு வரும். எதையும் செய்ய ஒப்புக்கொள்ளாதவருக்கு இது நேர இயலாது.

‘பின்ஸ் அண்டு நீடில்ஸ்’ இரண்டு வேறு வழக்குகள் கொண்டது. மரத்துப்போன கால் உயிர் பெறும்போது குத்துவது ஒன்று. அதற்கு ‘ஹேவ்’ என்ற வினை வரும். முடிவுக்காக இருப்புக்கொள்ளாமல் காத்திருப்பது மற்றொன்று. அதற்கு ‘பீ ஆன்’ வரும். இரண்டாவது வழக்கு அமெரிக்காவில் மிகுதி. முன்னிடைச்சொல்லை மாற்றிவிட்டால் மனநிலையைச் சொல்ல நினைத்தவர் தம் காலைப் பற்றிச் சொல்லிவிடுவார்.

ஆறாம் படி: பூனை, படைவீரர், கேலிச்சித்திரம்

ஓரிடத்தில் நிற்க முடியாமல் தவிப்பவரை பிரிட்டனில் சூடான செங்கல் மீதுள்ள பூனை என்றும், அமெரிக்காவில் சூடான தகரக் கூரை மீதுள்ள பூனை என்றும் சொல்கிறார்கள். இவற்றைவிடப் பழைய வடிவம் ஒன்று 1678இல் ஜான் ரே வெளியிட்ட பழமொழித் தொகுப்பில் இருக்கிறது. அதில் பூனை ரொட்டி சுடும் கல்லின் மேல் நடக்கிறது. அடுக்களைக் கல் செங்கல்லாகி, அட்லாண்டிக்கைக் கடந்தபின் தகரமாயிற்று. இத்தொடர் உள்ளத்தைவிட உடலின் அலைபாய்தலையே சுட்டுவதால், அசையாமல் உட்கார்ந்து உள்ளுக்குள் கலங்குபவருக்கு இதைச் சொல்லக் கூடாது.

‘கெட் த விண்ட் அப்’ முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் படைவீரர்களின் பேச்சிலிருந்து பரவியது. பயந்துபோதல் என்று பொருள். ‘புட் த விண்ட் அப் சம்ஒன்’ என்றால் பயமுறுத்துதல். எழுத்தில் இது முன்பு சொன்ன ‘வைண்ட் அப்’ போலவே தோன்றும். ஒலிப்பு வேறு, பொருளும் வேறு. உடல் சிலிர்க்கும் அச்சத்தைக் குறிக்கும் ‘ஹீபி-ஜீபீஸ்’ என்பதை 1923இல் அமெரிக்கக் கேலிச்சித்திரக் கலைஞர் பில்லி டிபெக் தம் தொடரில் படைத்தார். உருவாக்கியவரின் பெயரும் ஆண்டும் இவ்வளவு துல்லியமாகக் கிடைக்கும் தொடர்கள் அரிது. நடுக்கமான பதற்றத்தைக் குறிக்கும் ‘ஜிட்டர்ஸ்’ அதே பத்தாண்டில் அமெரிக்காவில் பரவியது. பங்குச் சந்தைச் செய்திகளில் இன்று அன்றாடம் காணப்படுகிறது. இவ்விரண்டுக்கும் முன் ‘த’ வருவது இயல்பு.

ஏழாம் படி: எரிச்சலின் தொடர்கள்

எரிச்சலுக்கு வரும்போது பழைய உடல்நீர்க் கோட்பாட்டை ஒரு முறை தொட்டுச் செல்ல வேண்டும். இரத்தம், கோழை, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் ஆகிய நான்கின் கலவையே மனிதரின் குணத்தை முடிவு செய்கிறது என்று கேலன் வழிவந்த ஐரோப்பிய மருத்துவம் நம்பியது. ‘டெம்பர்’ என்றால் முதலில் சரியான கலவை, சமநிலை. அதனால்தான் ‘லூஸ் ஒன்ஸ் டெம்பர்’ சினத்தைக் குறிக்கிறது, இழப்பது சமநிலையை. இன்று ‘டெம்பர்’ என்ற சொல்லே கோபத்தைக் குறிப்பதால், ஒருவர் கோபத்தை ‘இழந்தால்’ எப்படிக் கோபப்படுவார் என்று குழம்பும் மாணவர்களுக்கு இந்த வரலாறே விடை. வாதம், பித்தம், கபம் என்று பகுத்து, பித்தம் தலைக்கேறியது என்று பேசும் நமக்கு இந்தப் பாதை எளிதில் புலப்படும்.

‘ஷார்ட் ஃபியூஸ்’ என்பது முன்கோபியின் இயல்பு. ‘ஹேவ்’ என்ற வினையோடு வரும். சுரங்கத்தில் பாறையை வெடிக்க வைக்கும் மருந்துக்குத் தீ கொண்டு செல்லும் திரி இது. முன்பு வைக்கோல் தண்டிலும் இறகின் தண்டிலும் மருந்தை அடைத்துத் திரியாக்கினார்கள். அது எவ்வளவு நேரத்தில் எரியும் என்று கணிக்க முடியாததால் பல தொழிலாளர்கள் மாண்டார்கள். 1831இல் கார்ன்வாலில் வில்லியம் பிக்ஃபோர்டு சீராக எரியும் பாதுகாப்புத் திரிக்குக் காப்புரிமை பெற்றார். திரியின் நீளமே ஓடித் தப்ப உள்ள நேரம் என்பதால், குட்டைத் திரி உடைய மனிதர் என்றால் விலகிச் செல்ல அவகாசம் தராதவர். ‘ப்ளோ எ ஃபியூஸ்’ என்பதோ மின்சுற்றில் உருகும் கம்பி, அது நிகழ்வு. எழுத்து ஒன்றாக இருந்தாலும் இரண்டும் வேறு வேர்கள் கொண்ட சொற்கள்: திரியின் பெயர் நூற்கும் கதிரைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்தும், மின்கம்பியின் பெயர் உருக்குதலைக் குறிக்கும் வினையிலிருந்தும் வந்தன.

‘ஃப்ளை ஆஃப் த ஹேண்டில்’ வட அமெரிக்கக் குடியேறிகளின் கோடரியிலிருந்து பிறந்தது. ஓங்கும்போது இரும்பு காம்பிலிருந்து கழன்று பறந்தால் அது யார் மீது பாயும் என்று சொல்ல முடியாது. நோவா ஸ்கோஷியாவின் எழுத்தாளர் தாமஸ் ஹாலிபர்ட்டன் 1840களில் இதைப் பயன்படுத்தியிருக்கிறார். காரணத்துக்கு மீறிய, திடீரென்ற சீற்றத்துக்கே இது உரியது. நியாயமான கோபத்தை இத்தொடரால் சொன்னால், கோபப்பட்டவர் மீது பழி சுமத்துகிறீர்கள்.

‘ரெய்ஸ் சம்ஒன்ஸ் ஹாக்கில்ஸ்’ என்பதில் வருவது சேவலின் கழுத்து இறகும் நாயின் பிடரி மயிரும். செய்தித்தாள்களில் ஒரு கட்சியின் அறிவிப்போ அரசின் முடிவோ பலரைச் சினமூட்டும்போது இது மிகுதியாக வரும். பூனையின் உரோமத்தை எதிர்த்திசையில் தடவும் தொடர் பிரிட்டனில் ‘ரப் சம்ஒன் அப் த ராங் வே’. அமெரிக்காவில் ‘அப்’ இல்லை. ஒருவரோடு ஏனோ ஒத்துப்போகவில்லை என்ற மெல்லிய எரிச்சலைச் சொல்ல இதைவிட நல்ல தொடர் கிடையாது. படுக்கையின் தவறான பக்கத்தில் எழுந்தவர் என்பது அன்று ஒரு நாளுக்கு மட்டும் சிடுசிடுப்பவர். அவர் முகத்துக்கு நேரே சொன்னால் சிடுசிடுப்பு இன்னும் ஏறும்.

எட்டாம் படி: தோற்றக் கதைகளைச் சோதித்துப் பாருங்கள்

மரபுத்தொடர்களுக்குச் சுவையான கதைகள் எளிதில் ஒட்டிக்கொள்கின்றன. நம்பும் முன் மூன்றைப் பார்க்க வேண்டும்: தொடர் முதலில் எழுத்தில் தோன்றிய காலம் கதையின் காலத்தோடு பொருந்துகிறதா, இடம் பொருந்துகிறதா, கதை சொல்லும் வழக்கம் உண்மையில் இருந்தது என்பதற்கு அக்காலத்துச் சான்று உண்டா.

‘சிப் ஆன் ஒன்ஸ் ஷோல்டர்’ என்ற தொடரை எடுத்துக்கொள்வோம். எந்நேரமும் யாரோ தம்மை இழிவுபடுத்துகிறார்கள் என்ற மனக்குறையோடு சண்டைக்குத் தயாராக இருப்பவரை இது குறிக்கிறது. பிரிட்டிஷ் கப்பல் கட்டும் தளங்களில் தொழிலாளர்கள் மிச்ச மரத்துண்டுகளை வீட்டுக்கு எடுத்துச் செல்லும் சலுகை பெற்றிருந்ததால் இது வந்தது என்று ஒரு கதை உண்டு. அந்தச் சலுகை உண்மையே. ஆனால் இடமும் பொருளும் ஒட்டவில்லை. நியூயார்க் மாநிலத்து லாங் ஐலேண்டு செய்தித்தாள் ஒன்று 1830இல், சண்டைக்கு நிற்கும் சிறுவர்களில் ஒருவன் தோளில் மரச்சில்லை வைப்பதையும், மற்றவனைத் தட்டிவிடச் சவால் விடுவதையும் விவரிக்கிறது. காலம், இடம், பொருள் மூன்றும் இங்கே கூடி வருகின்றன.

ஒருவரை எரிச்சலூட்டுதல் என்று பொருள்படும் ‘கெட் சம்ஒன்ஸ் கோட்’ (இங்கே ‘கோட்’ என்றால் ஆடு) அவ்வாறு தேறுவதில்லை. பதறும் பந்தயக் குதிரையை அமைதிப்படுத்த ஆட்டைத் துணைக்குக் கட்டுவார்கள், எதிரிகள் அந்த ஆட்டைத் திருடிக் குதிரையைக் கலவரப்படுத்துவார்கள் என்ற கதை எங்கும் சொல்லப்படுகிறது. தொடர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் தோன்றியது உறுதி. திருட்டுக் கதைக்கு அக்காலத்துச் சான்று இல்லை. இத்தகைய கதைகளை மாணவர்களுக்குச் சொல்லும் ஆசிரியர்கள், இது நினைவில் வைக்க உதவும் கதை மட்டுமே என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நேர்மை.

ஒன்பதாம் படி: குறிப்பேட்டில் சட்டகத்தோடு எழுதி, இடம் அறிந்து பயன்படுத்துங்கள்

தொடரை மட்டும் தனியே எழுதிவைப்பதால் பயன் குறைவு. எந்த வினையோடு, எந்த முன்னிடைச்சொல்லோடு, எந்த வகை எழுவாயோடு வருகிறது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். ‘நெர்வஸ்’ என்றால் ‘அபவுட்’ பொதுவானது. ‘ஆஃப்’ பிரிட்டிஷ் வழக்கில் நாய் போன்ற குறிப்பிட்ட ஒன்றுக்கு அஞ்சும்போது வரும். ‘நெர்வி’ பிரிட்டனில் பதற்றக்காரர், அமெரிக்காவில் துடுக்கானவர். கேட்பவர் எந்த நாட்டினர் என்று தெரியாதபோது அந்தச் சொல்லையே தவிர்த்துவிடலாம்.

இடமும் முக்கியம். ‘ஆன் டென்டர்ஹுக்ஸ்’ நண்பருக்கு எழுதும் மின்னஞ்சலிலும் கட்டுரையிலும் அழகாக அமரும். வேலை கேட்டு எழுதும் கடிதத்தில் முடிவுக்காக அவ்வாறு காத்திருப்பதாக எழுதினால் முடிவு தருபவரைக் குறை சொல்வது போல் ஆகிவிடும். ‘ஹீபி-ஜீபீஸ்’, ‘ஜிட்டர்ஸ்’ ஆகியவை பேச்சு வழக்குக்கு உரியவை. அயல்நாட்டில் மருத்துவரிடம் பேசும்போது தொடர்களை விட்டுவிட்டு எளிய சொற்களில் சொல்வதே பாதுகாப்பானது: ‘ஆன் எட்ஜ்’ என்று மட்டும் சொன்னால் அது அச்சமா, எரிச்சலா, தூக்கமின்மையா என்று அவர் மேலும் கேட்க வேண்டியிருக்கும், எத்தனை இரவுகளாகத் தூக்கம் வரவில்லை, நெஞ்சு எப்போது படபடக்கிறது, யார் மீது எதற்காகச் சீறினோம் என்பதைச் சொன்னால் அவர் உடனே வேலையைத் தொடங்க முடியும்.